செவ்வாயில் தண்ணீர் இல்லை என்று தெரிந்த வருடம்

செவ்வாய் கிரகத்தைப் பக்கத்தில் போய் எடுத்த படம் முதன்முதலாகப் பத்திரிகையில் வந்த அன்று, ஆசிரியர் அறையில் அதை என் முன்னால் விரித்துக் காட்டியவள் புதிதாக வந்த ரசாயன டீச்சர். மை பரவிப்போன சின்னப் படம். மழை பெய்து காய்ந்த களத்தில் மாட்டுக் குளம்பு பதிந்ததுபோல வெறும் குழிகளாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், வாய்க்காலெல்லாம் எங்கீங்க?" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, செவ்வாயில் நீண்ட வாய்க்கால்கள் தெரிவதாகவும் துருவத்துப் பனி உருகி அவற்றில் ஓடலாம் என்று சிலர் கருதுவதாகவும் சொல்லிக் கொடுத்திருந்தேன். "சிலர் கருதுகிறார்கள்" என்பதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வதில்லை. வாய்க்கால் ஓடுகிறது என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"திருத்திச் சொல்லிட்டா போச்சுங்க. நாமும் படிச்சுட்டுத்தானே இருக்கோம்" என்றாள் அவள்.

அறுபத்தைந்தாம் வருடம் அது. அவிநாசியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருந்த ஒரு ஊரின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பௌதிகம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயது. கோயமுத்தூருக்குத் தெற்கே எங்களுக்குப் பருத்திக்காடு. வீட்டில் தெலுங்கு பேசுவோம். பெண்பிள்ளை வேலைக்குப் போவதா என்று முகம் சுளித்த மாமாக்களை அப்பா ஒருவர்தான் சமாளித்து அனுப்பிவைத்தார். அந்த வருடம் ஜூனில் ரசாயனம் எடுக்க அவள் வந்து சேர்ந்தாள். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா அம்மா இருவரும் மற்றவர்கள் தோட்டத்தில் கூலி வேலை. கோயமுத்தூரில் கிறிஸ்தவர்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கியவள். இதையெல்லாம் வந்த முதல் வாரமே, ஒளிக்காமல், என்னிடம் சொன்னாள். எந்தச் சாதியிலிருந்து கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம் அவளுடையது என்பதையும் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டேன். அப்படித் தலையாட்டியதில் எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அவளுக்குத் தங்க இடமில்லை. நான் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா ஐம்பது வயது விதவை. தோட்டம் துரவு உள்ளவர். என்னைப் பெற்ற மகளைப்போல நடத்துவார். "கண்ணு, ராகிக் களி கிண்டியிருக்கறேன், வா" என்று கூப்பிடாத நாள் குறைவு. பின்கட்டை ஒட்டிய கொல்லையை அங்கே பொடக்காளி என்பார்கள். அதில் ஒரு சேந்து கிணறு. அந்த வருடம் மழை பொய்த்து ஊரில் பாதிக் கிணறுகள் வற்றியும் அது மட்டும் வற்றவில்லை.

அவளை என்னோடு வைத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்கப் போனேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வேதக்கார டீச்சருன்னு சொன்னாங்களே, அவளா அம்மணி?"

"ஆமாங்க."

"வேதத்துல சேரட்டும், சேராமப் போகட்டும். எங்கிருந்து போனவங்க அவங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். முடியாது என்று சொல்லியிருந்தால் நானும் அவளுமாக வேறு இடம் தேடியிருக்கலாம். ஆனால் கிணறும் இரண்டு அறையும் களியும் என் கண்முன் வந்தன. அவளோடு ஒரே வீட்டில் இருந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது.

"எங்களுக்குத் தூரத்துச் சொந்தமுங்க. ரெண்டு தலைமுறைக்கு முன்னால வேதத்துல சேந்துட்டாங்க" என்றேன்.

"அப்படியா. உங்க சனந்தானா? அப்ப வரச்சொல்லு" என்றார்.

அவள் பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"பேசிட்டேங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"வரச்சொல்லிட்டாங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. "இப்படியும் மனுசங்க இருக்காங்களே" என்றாள். அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவள் சந்தோசத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்துக்கொண்டேன். அது கருணை என்று நானே நம்பவும் செய்தேன்.

முதல் நாள் அவள் கிணற்றில் தண்ணீர் சேந்திய விதத்தை நான் மறக்கவில்லை. கயிற்றை மெதுவாக விட்டாள். குடம் நிறைந்து மேலே வந்ததும் அதைக் கிணற்று மதில்மேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்காரம்மா இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அந்த ஒன்றரை மாதம்தான் நாங்கள் சேர்ந்திருந்தது. செவ்வாய்ப் படம் வந்த பிறகு எங்கள் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பழைய பத்திரிகைகளையும், கோயமுத்தூரில் நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த ஆங்கிலப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் படிப்போம். வெள்ளியின் மேகத்துக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று ஒரு புத்தகம் சொன்னது. மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே போன விண்கலம் பார்த்ததோ ஈயம் உருகும் சூடு. நிலா வறண்டது. செவ்வாயில் காற்று அத்தனை லேசு, ஒரு சொம்பு தண்ணீர் கொட்டினாலும் நிற்காது. தூரத்தில் வியாழனுடைய துணைக்கோள்கள் சிலவற்றிலும் சனியின் வளையத்திலும் பனிக்கட்டி இருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள். வால்நட்சத்திரம் என்பது தூசி கலந்த பனிக்கட்டி என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இத்தனைக்கும் நடுவில் பூமிக்கு மட்டும் எப்படி இத்தனை கடல்?

நான் வால்நட்சத்திரத்தின் பக்கம். பூமி உண்டாகிச் சூடு ஆறிய பிறகு வெளியிலிருந்து பனிக்கட்டியாக வந்து விழுந்த தண்ணீர் என்று வாதாடினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"வரல்லீங்க. முதல்லயிருந்தே இருந்ததுங்க. கல்லுக்குள்ள."

"கல்லுக்குள்ள ஏதுங்க தண்ணி?"

அடுத்த நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சோதனைக் குழாயும் சாராய விளக்கும் கொண்டுவந்தாள். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கியிருந்தாள். அந்த நீலக் கட்டியைப் பொடித்து என் உள்ளங்கையில் போட்டு, "ஈரம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இல்லை. நறநறவென்று காய்ந்த பொடி. அதைக் குழாயில் போட்டுச் சாய்த்துப் பிடித்துச் சூடு காட்டினாள். கொஞ்ச நேரத்தில் நீலம் மங்கிச் சாம்பல் நிறமாகி, பிறகு சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டது. குழாயின் வாய்ப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர்.

இந்தச் சோதனையை நானும் கல்லூரியில் செய்திருக்கிறேன். அதைப் பூமியோடு சேர்த்து யோசித்ததில்லை.

"இதே மாதிரிதானுங்க. பூமி உள்ள கொதிச்சப்ப கல்லு வேர்த்திருக்கு. எரிமலை வழியா ஆவியா வெளிய வந்து, ஆறி, மழையாக் கொட்டியிருக்கு. வானத்துலருந்து விழுந்த எரிகல்லுலகூடச் சிலதுல இப்படித் தண்ணி கட்டுண்டு கெடக்குதாமுங்க. பத்திரிகையில இருந்துச்சு. அந்த மாதிரிக் கல்லு சேந்து சேந்துதானே பூமியே ஆகியிருக்கும்?"

நான் தோற்றுப்போனேன். தோற்றதில் எனக்கு அப்போது வருத்தமில்லை. இருவருமாக அதைக் கட்டுரையாக எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நான் எழுதியதை அவள் அடித்துத் திருத்தினாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் படி எடுத்தேன். வானொலிக்கு அனுப்பலாம் என்றேன். பேசுகிறவர் ஒருவர்தானே, அனுப்புகிறவர் பெயர் ஒன்று போதும் என்று என் பெயரைப் போட்டு அனுப்பினோம். எடுத்துக்கொண்டால் பேச்சிலேயே அவள் பெயரைச் சொல்லிவிடுவதாகப் பேச்சு.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அவள் தபாலாபீசுக்குப் போயிருந்தாள். நான் பொடக்காளியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா நிழலில் புளி நறுக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கப் படலுக்கு வெளியே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"தாயி, டீச்சரம்மா ஊடு இதுதானுங்களா?"

எட்டிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். முழங்காலுக்கு மேலே கட்டிய வேட்டி, சட்டையில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பையில் முருங்கைக்காய். யாரென்று உடனே தெரிந்துவிட்டது. அவளுக்கு அதே நெற்றி.

"உள்ள வாங்க" என்றேன். அது தானாக வந்த சொல். அவர் படலைத் தள்ளிக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே இரண்டடி வந்தார்.

"புள்ள காயிதம் போட்டிருந்துச்சுங்க. இங்க அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா, ஒரே கெணத்துலதான் எல்லாரும் சேந்தறோம், நீங்க வந்து பாருங்கன்னு. அதுதான் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. பஸ்ஸ உட்டு எறங்கி நடந்ததுல நாக்கு வறண்டுபோச்சு. ஒரு வாய் தண்ணி குடுங்க தாயி."

புளி நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மா பார்க்கிறார் என்பது முதுகில் தெரிந்தது.

மதில்மேல் இருந்த குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டேன். அவரிடம் போனேன். அவர் சொம்பை வாங்கிக்கொள்ள வலது கையை நீட்டினார். மகள் எழுதியதை நம்பி, வாழ்நாளில் அநேகமாக முதல் தடவையாக, அப்படி ஒரு வீட்டில் கையை நீட்டியிருப்பார்.

நான் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்ததில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நன்றாக யோசித்தேன். அவர் கையில் சொம்பைக் கொடுத்தால் வீட்டுக்காரம்மா என்ன கேட்பார், நான் என்ன பதில் சொல்வேன், என் பொய் எப்படி வெளிவரும் என்பதெல்லாம் அந்த ஒரு கணத்துக்குள் ஓடி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சொம்பை இழுத்தேன். இழுத்து, மேலே தூக்கிப் பிடித்தேன்.

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. ஏதோ தான் தவறாகப் புரிந்துகொண்டதுபோல ஒரு சின்ன அசட்டுச் சிரிப்பு சிரித்தார். பிறகு குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே குவித்துக்கொண்டார். நான் ஊற்றினேன். என் கை நடுங்கி, பாதித் தண்ணீர் அவர் முழங்கை வழியாக மண்ணில் வழிந்தது. அவர் குடித்துக்கொண்டே இருந்தார்.

நான் நிமிர்ந்தபோது படலருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் பார்க்கும் அளவுக்கு முன்பே வந்திருக்கிறாள்.

நேராக எங்கள் அறைக்குள் போய் அவளுடைய பித்தளை டம்ளரை எடுத்து வந்தாள். கிணற்றில் குடத்தை விட்டுப் புதுத் தண்ணீர் சேந்தினாள். டம்ளரை நிறைத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"குடிங்கப்பா."

"போதும் புள்ள, குடிச்சுட்டேன்."

"இதையும் குடிங்க."

அவர் குடிக்கும்வரை வீட்டுக்காரம்மா காத்திருந்தார். அப்புறம் கேட்டார்:

"யாரு கண்ணு அது?"

"எங்கப்பாங்க."

வீட்டுக்காரம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உங்க சொந்தமுன்னு சொன்னயே அம்மணி?"

அவளும் என்னைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படி மாறவில்லை. இப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வந்த நாளில் கிணற்றடியில் சிரித்தது, அப்பாவுக்குக் காயிதம் எழுதியது எல்லாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. "ஆமாங்க, பொய் சொல்லிட்டேன், இவங்க எங்கூடத்தான் இருப்பாங்க, வேணாம்னா நானும் போறேன்" என்று சொல்ல நாலு வினாடி போதும். அந்த நாலு வினாடியை நான் பிறகு ஆயிரம் தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தடவையும் சரியாகப் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை. புளிக்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சாமானத்தையெல்லாம் எடுத்துக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அறையில் அவள் பெட்டியை அடுக்கினாள். அப்பா படலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அவள் சேலைகளை மடித்துக் கொடுக்கப் போனேன். வாங்கி, மறுபடி பிரித்து, தானே மடித்து வைத்தாள்.

"நல்லதுக்குன்னு நெனச்சுத்தானுங்க சொன்னேன்" என்றேன்.

"என்னையக் கேக்காம என்னைய ஏனுங்க மாத்துனீங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "உண்மையச் சொல்லி அவங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, எனக்கு அது பழகுனதுங்க. வேற எடம் பாத்திருப்பேன். எங்கப்பனை நானே காயிதம் போட்டு வரவெச்சு இப்படி நிக்கவெச்சுப்போட்டேனே."

கோயமுத்தூரில் பழைய விடுதியில் இடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை வீட்டுக்காரம்மா தோட்டத்திலிருந்து ஆயில் இஞ்சினை வண்டியில் வரவழைத்துக் கிணற்றை இறைக்கச் செய்தார். ஊரில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்த காலம் அது. அந்தத் தண்ணீர் முழுவதும் படலுக்கு வெளியே வீதியில் ஓடியது. சேறாகி, புளியமரத்தடியில் தேங்கி, மறுநாள் வெயிலில் காய்ந்துபோனது. நாய்கள் குடித்தன. அடியில் சேறு தெரிந்ததும் மஞ்சள் கரைத்து ஊற்றினார்கள். இரண்டு நாளில் ஊற்று சுரந்து பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேந்தினேன்.

பள்ளிக்கூடத்தில் அவளை நாள்தோறும் பார்த்தேன். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவில்லை. "சாக்பீஸ் இருக்குதுங்களா டீச்சர்", "மூணாவது பீரியடு நீங்க எடுத்துக்கறீங்களா" என்று கேட்பாள். முன்பைவிட மரியாதை கூடியிருந்தது. அந்த மரியாதையைத் தாண்டி நான் உள்ளே போக முடியவில்லை.

செப்டம்பரில் வானொலியிலிருந்து கடிதம் வந்தது. 'சூரியக் குடும்பத்தில் தண்ணீர்' என்ற எங்கள் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். திருச்சிக்கு வந்து பேசிப் பதிவு செய்துகொள்ளும்படி எழுதியிருந்தது. கடிதத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உங்க பேரையும் சொல்லிடறேனுங்க" என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள்.

நான் எழுதி வைத்திருந்த பிரதியில், "என்னோடு பணியாற்றும் ரசாயன ஆசிரியை செய்து காட்டிய ஒரு சோதனை" என்று ஒரு வரியும், கீழே அவள் பெயரும் இருந்தன. திருச்சிக்குப் போகும் ரயிலில் அதை எத்தனையோ தரம் படித்தேன். வீட்டுக்காரம்மா வீட்டில் ரேடியோ இருந்தது. பேச்சு வரும் அன்று அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்தின் நடுவில் ரேடியோவிலிருந்து அவள் பெயர் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். ஒலிவாங்கியின் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். அந்த வரி வந்தபோது, "நான் செய்து பார்த்த ஒரு சோதனை" என்று படித்தேன். பெயரைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஒலிபரப்பான அன்று மாலை, வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து என் குரலை நானே கேட்டேன். பூமியில் உள்ள தண்ணீர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே கல்லிலிருந்து வந்தது என்று அந்தக் குரல் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியமும் அவளுடையது. பேச்சு முடிந்ததும் வீட்டுக்காரம்மா என் தலையில் கைவைத்து, "கல்லுக்குள்ள தண்ணி இருக்குதுன்னு எம்புட்டுத் தெளிவாச் சொல்லிப்போட்டா பாருங்க எம்பொண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவளும் வந்தாள். "நல்லா இருந்துச்சுங்க. விடுதியில எல்லாரும் கேட்டோம்" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வந்தது. விடிவதற்கு முன் கிழக்கே நீண்ட வெளிச்சமாக நின்றது. ஊரே பயந்துகொண்டு பார்த்தது. நான் மொட்டை மாடியில் தனியாக நின்று பார்த்தேன். அத்தனையும் பனிக்கட்டி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் மறுத்துப் பேசக்கூடியவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில், "பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேனுங்க" என்றாள். அவ்வளவுதான். வருடக் கடைசியில் அவள் மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படிப்பவர்கள், நான் அந்த வீட்டை உடனே காலி செய்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம். இல்லை. கல்யாணமாகிப் போகும்வரை மேலும் இரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வீட்டுக்காரம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து வேளை தவறாமல் கொடுத்தார். நல்ல மனுசி என்றுதான் இன்றைக்கும் என்னால் அவரைச் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்ல முடிவதும் என் குறைதானோ என்னவோ.

நிலாவில் மனிதர்கள் இறங்கிய வருடத்தின் கடைசியில், அங்கிருந்து கொண்டுவந்த கற்களில் தண்ணீரின் சுவடே இல்லை என்று படித்தேன். அவளிடம் இதைப் பேச வேண்டும் என்று ஒரு சாக்கு கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியதும் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?" என்று ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பி வரவழைத்தாள்.

நிலாக் கல்லைப் பற்றிக் கேட்டேன். அவளும் படித்திருந்தாள். "சூட்டுல எல்லாம் ஆவியாப் போயிருக்கும்ங்க. புடிச்சு வெச்சுக்க நெலாவுக்குக் கனம் பத்தாது" என்றாள். கொஞ்ச நேரம் பழைய மாதிரியே பேசினோம். அந்த நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்பா சௌக்கியமுங்களா?"

"போன ஆடியில தவறிட்டாருங்க."

காப்பி டம்ளரை மேசைமேல் வைத்தேன். "நான் அவருகிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

அவள் மேசைமேல் இருந்த நோட்டுக்களை அடுக்கினாள். "அன்னைக்கு பஸ்ஸுல போறப்ப அப்பா என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குச்சு, பாவம், அதைத் திட்டாதன்னாரு. நானும் திட்டலீங்க."

"நான் செஞ்சது தப்புங்க. அந்த ரேடியோப் பேச்சும் தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

"ரேடியோ கெடக்குதுங்க. அதை நான் எப்பவோ மறந்துட்டேன். மத்தது எங்கிட்டக் கேக்கவேண்டியதில்லீங்க. கேக்கவேண்டிய ஆளு இல்லீங்க இப்ப" என்றாள்.

மணி அடித்தது. நோட்டுக்களை எடுத்துக்கொண்டாள். "பதினொண்ணாம் வகுப்புங்க, பரிச்சை வருது. காப்பி ஆறிப்போச்சு, வேற சொல்லட்டுங்களா?" வேண்டாம் என்றேன். "அப்பச் சரீங்க. பாத்துப் போங்க" என்று கும்பிட்டுவிட்டு வராந்தாவில் நடந்தாள். அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இந்தச் செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். நிலாவிலும் வெயில் படாத குழிகளில் பனி இருக்கிறதாம். செவ்வாயின் மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி இருக்கிறதாம். வியாழனின் ஒரு துணைக்கோளில் பனி ஓட்டுக்குக் கீழே கடலே இருக்கலாம் என்கிறார்கள். வால்நட்சத்திரங்கள் பலவற்றின் தண்ணீர் நம் கடல் தண்ணீரோடு ஒத்துப்போகவில்லை என்றும், பூமியின் தண்ணீரில் பெரும்பங்கு அதை உண்டாக்கிய கற்களோடேயே வந்திருக்கலாம் என்றும் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் அவளும் படித்திருப்பாளா என்று நினைப்பேன். என் வகுப்புகளில் அந்தச் சோதனையை முப்பது வருடம் செய்து காட்டினேன். யாரிடம் கற்றேன் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று மேட்டுப்பாளையத்தில் கோயமுத்தூர் பஸ் கூட்டமாக இருந்தது. பாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது. காரமடை தாண்டும்போது அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைத் தொட்டு, "ஏனுங்க அக்கா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. எனக்கு பஸ் ஒத்துக்காது" என்றேன். அவள் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். கோயமுத்தூர் வரும்வரை அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தேன்.